விருது மேடையை வேங்கிக்காலுக்குக் கொண்டுவாருங்கள்

ஆண்டுக்கு ஒரு நாள் ஆய்வாளர்களைப் பாராட்டும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, கடைசியில் குழுப் படம். பேராசிரியர்களோடு மாணவர்களையும் மேடையேற்றுவது நல்ல மாற்றம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒரு பெண், தாய் தகப்பன் பார்த்திருக்க ஆய்வுக்காக விருது வாங்குவதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. நமக்கும் வரவில்லை. விழா நடக்கட்டும். ஆனால் குளிரூட்டிய அரங்குக்குள் ஆய்வாளர்களுக்கு ஆய்வாளர்களே கைதட்டிக் கலைவதோடு அது முடியக் கூடாது. திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளும் இந்த விழாவை வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தில் கூடும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தை ஒட்டி நடத்த வேண்டும்.

அரங்குக்குள் நடக்கும் பாராட்டில் பேசுவதெல்லாம் எண்ணிக்கைதான். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை காப்புரிமை விண்ணப்பம். இந்த எண்ணிக்கையை எப்படியெல்லாம் ஊதிப் பெருக்கலாம் என்பது கல்லூரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பணம் கட்டினால் போட்டுத் தரும் இதழ்கள் இருக்கின்றன. சென்னையை ஒட்டிய ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வாகவே ஆய்வுக் கட்டுரை எழுதவைப்பது பற்றியும், அக்கட்டுரைகள் தம் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டியது பற்றியும் 2023இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழ் விரிவாக எழுதியது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் யுஜிசி கைவிட்டது. நல்ல இதழ்கள் எவை என்று சொல்ல அது வைத்திருந்த ‘கேர்’ பட்டியலும் 2025இல் எடுக்கப்பட்டுவிட்டது. பொய்யென்று தெரிந்து திரும்பப் பெறப்படும் கட்டுரைகளுக்காகத் தேசியத் தரவரிசையில் மதிப்பெண்ணைக் குறைக்கும் நிலை வந்திருக்கிறது. எண்ணிக்கையை நம்பியவர்களே இப்போது அதைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். இந்த மாவட்டத்து அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. 2019இல் அங்கிருந்து வந்தது ‘ஏடிஎல் 1’ சாமை ரகம். அத்தியந்தலின் ஆங்கில எழுத்துகளைத்தான் அது பெயராகத் தாங்கியிருக்கிறது. கோ 4 சாமையையும் டிஎன்ஏயு 141 என்ற மரபு வரிசையையும் இணைத்துத் தேர்ந்தெடுத்த ரகம் இது. 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கலப்பு செய்தார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். சாமைப் பூ ஓர் அரிசிமணியைவிடச் சிறியது. தன் மகரந்தத்திலேயே தான் கருவுறும் பயிர். அதற்குள் வேறொரு செடியின் மகரந்தத்தைச் சேர்க்க வேண்டுமானால் பூ விரியும் நேரத்துக்குக் காத்திருந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதிர் கதிராக வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்து, சாயும் செடியைக் கழித்து, பல ஊர்களில் போட்டுப் பார்த்து, விவசாயியின் சொந்த நிலத்திலும் சோதித்த பின்னரே ஒரு ரகம் வெளியே வரும். இத்தனை ஆண்டு உழைப்பும் கட்டுரைக் கணக்கில் நாலைந்து வரவுதான். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் மலையாளி இனக் குடும்பத்துக்கோ அது ஒரு பருவத்தின் சோறு. இந்த இரண்டு கணக்கில் எதை வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம் என்பதே நம் கேள்வி.

பாராட்டுவது எப்படி என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல் அது. கூடவே, கள்ளர் இருவரைக் கடித்து அங்கேயே காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். துணைநின்ற நாயின் பெயரைக்கூட விடாத மண் இது. இன்றைய ஆய்வுக் கட்டுரையின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஒரு நாளும் வயலில் இறங்காத துறைத் தலைவர் இருப்பார். நிலம் கொடுத்த விவசாயி இருக்க மாட்டார். வெயிலில் நின்று கதிருக்குச் சீட்டுக் கட்டிய கூலிப் பெண்கள் இருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் முப்பது ஆண்டு கண்ணாடிக் குடுவை கழுவிய உதவியாளர் இருக்க மாட்டார். மேடை போடுவதென்றால் முதலில் இவர்களை அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

இந்த நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிட்டுவந்தார்கள். தொல்லியல் துறை அவற்றைத் தேடிப் படித்து 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாக்கியது. தமிழில் வந்ததால் உள்ளூர் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் எடுத்துப் படிக்க முடிந்தது. அண்ணாமலையார் கோயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் கல்வெட்டு, கட்டடம், சடங்கு, ஊரின் சமூக அமைப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1980களின் இறுதி தொடங்கி தொகுதி தொகுதியாக வெளியிட்டன. அருமையான உழைப்பு. பெரும்பகுதி பிரெஞ்சு, மீதி ஆங்கிலம். வீட்டு வாசலில் தேர் போகிறவர்களுக்கு அந்தத் தேரைப் பற்றிய ஆய்வு எட்டவில்லை.

எல்லா ஆய்வையும் விவசாயிக்கு விளக்க முடியுமா, அடிப்படை அறிவியல் என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணிதத் துறை மாணவரிடம் போய் ‘இதனால் என்ன விளைச்சல்?’ என்று கேட்பது அபத்தம். அப்படிக் கேட்கும் கூட்டமாக இதை மாற்றிவிடவும் கூடாது. ஆனால் காவலூர் வானாய்வகத்தைப் பாருங்கள். 1977இல் யுரேனஸின் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று அது. விவசாயத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு அங்கே வானம் காட்டும் வழக்கம் உண்டு. யுரேனஸையே சொல்லிப் புரியவைக்க முடியும் என்றால், நம் கல்லூரி வேதியியல் ஆய்வை ஒரு பக்கத் தமிழில் சொல்ல முடியாதா?

சொல்ல வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டை மூடி ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். பிறகு ஐஐடி வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்தார்கள். வந்தது நல்லதே. ஆனால் இந்த மலையின் நிழலிலேயே அரசு கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரிகளும் இயங்குகின்றன. மழைமானி வைத்து, நீரோடும் தடங்களை வரைந்து, எந்தச் சரிவில் எத்தனை வீடு என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் வேலையை மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டமாகக் கொடுத்து, அதன் முடிவை ஆட்சியர் கையில் கொடுத்தால் அதுவே பெரிய ஆய்வு விழா.

இதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. 2025இல்கூடத் தமிழ்நாட்டில் அவர்கள் வாங்கியது 25,000. வாடகையும் பெட்ரோலும் போக மிஞ்சுவதில் மாநாட்டுக் கட்டணம் கட்டி ஆய்வு செய்யச் சொல்லிவிட்டு, மேடையில் கேடயம் நீட்டுவது கொண்டாட்டமாகாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. இந்த மாவட்டத்து மண், நீர், கோயில், மக்கள் பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்பக்கத்திலும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் இருக்க வேண்டும். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றும்போது அதுவும் சேர்ந்து ஏறட்டும். விருதுக்கான நடுவர் குழுவில் இரண்டு விவசாயிகளும் ஒரு பள்ளி ஆசிரியரும் இருக்கட்டும். வேங்கிக்கால் கூட்டங்களில் ஏரி ஆக்கிரமிப்புக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அதிகாரிகளைத் திணறவைப்பவர்கள் இந்த விவசாயிகள்; ஆய்வாளரிடம் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி அச்சாவதற்குள் பல்கலைக்கழக நிர்வாகமும் மாவட்ட ஆட்சியரும் பேசித் தேதி குறிக்கட்டும். கூட்ட அரங்கில் இடம் போதாவிட்டால் வளாகத்தில் பந்தல் போடலாம். பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் பந்தல் வாடகையைக் கொடுத்துவிடலாம்.