வராதவரைத் தேடிப் போகும் குழு

சபையின் சிறு குழுக்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், “எத்தனை பேர் வந்தார்கள்?” என்பதே முதற் கேள்வியாக இருக்கின்றது. இருபது பேர் வந்தால் குழு வளர்கின்றது என்கிறோம். எட்டுப் பேர் வந்தால் தளர்ந்துவிட்டது என்கிறோம். இந்த அளவுகோல் பிழையானது என்பதே எமது கருத்து. “யார் வரவில்லை? ஏன் வரவில்லை?” என்று கேட்டு, அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போகும் குழுவே நலமுள்ள குழு. அத்தகைய குழு வளராமல் இருப்பதை நாம் கண்டதில்லை.

இதனை எமக்குக் கற்றுத்தந்தவை இடம்பெயர்ந்த காலங்களே. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதையும் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும் கோவிற் கட்டடத்தைத் தலையில் சுமந்து போகவில்லை. மணியும் வாங்குகளும் பின்னே நின்றுவிட்டன. பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் மரநிழல்களிலும் சபை உயிரோடு இருந்தது என்றால், நாலைந்து குடும்பங்கள் ஒரு விளக்கைச் சுற்றி இருந்து செபித்ததே அதற்குக் காரணம். 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் தறப்பாளின் கீழ் இதனையே செய்தார்கள்.

வேதாகமத்திலும் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைக் காண்கின்றோம். கிலவுதியு என்னும் உரோமைப் பேரரசன் யூதரை உரோமையிலிருந்து வெளியேறும்படி கட்டளையிட்டபோது, ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்து பட்டணத்துக்கு வந்து, கூடாரத் தொழில் செய்து பிழைத்தார்கள். பவுலும் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். பின்னர் அவர்கள் எபேசுவில் இருந்தபோதும், உரோமைக்குத் திரும்பிய பின்பும், அவர்களுடைய வீட்டில் கூடிய சபையைப் பவுல் தமது நிருபங்களில் குறிப்பிடுகின்றார். அந்தக் குடும்பம் ஊர் ஊராக மாறியபோதும், போன இடத்தில் அவர்கள் வீட்டுக் கதவு பிறருக்குத் திறந்தே இருந்தது. காணி பூமியை இழந்தவர்களால் சபையைக் கட்டமுடியாது என்று எவராவது சொன்னால், இந்தக் குடும்பத்தை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

கடன் அடைக்கப் போய்க் கண்டது

மெதடிஸ்த சபையின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே, சபை மண்டபத்தின் கட்டடக் கடனை அடைப்பது எப்படி என்று ஜோன் வெஸ்லியும் சபையாரும் கூடி ஆலோசித்தார்கள். கப்பல் தலைவராக இருந்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கட்டும். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து அதனைச் சேர்க்கட்டும். கொடுக்க இயலாதவருக்காகப் பொறுப்பாளரே கொடுக்கட்டும் என்றார். வறியவர்களான பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும் அவர் கேட்டுக்கொண்டார்.

காசு சேர்க்க வீடு வீடாகப் போன பொறுப்பாளர்கள் காசை மட்டும் காணவில்லை. நோயில் படுத்திருந்தவரைக் கண்டார்கள். குடியால் நொந்த குடும்பத்தைக் கண்டார்கள். விசுவாசத்தில் சோர்ந்துபோனவரைக் கண்டார்கள். கடனை விட இதுவே பெரிய காரியம் என்பதை வெஸ்லி உணர்ந்துகொண்டார். இவ்வாறே மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டங்கள் பிறந்தன. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த ஊழியர்கள் அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் பணியைத் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தின் வேரிலே வாசற்படி ஏறிப் போய் விசாரிக்கும் இந்தப் பழக்கம் இருந்தது.

பட்டியலும் செபமும்

எமது பிழையையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு காலத்தில் நிவாரணப் பட்டியலைச் செபக்கூட்டத்திலேயே எழுதினோம். எல்லாரையும் ஓரிடத்தில் காணலாம், வேலை இலகு என்று எண்ணினோம். கூட்டம் நிறைந்தது, நாமும் மகிழ்ந்தோம். பொருட்கள் கொடுத்து முடிந்ததும் பாய்கள் வெறுமையாயின. அதைவிடத் துயரமான ஒன்றும் நடந்தது. இரண்டு பிள்ளைகளோடு இருந்த விதவைத் தாய் ஒருவர் அந்த நாட்களில் கூலிக்குக் களை பிடுங்கப் போனபடியால் கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய பெயர் பட்டியலில் விடுபட்டுப்போனது. மாதங்கள் கழிந்தே நாம் அதனை அறிந்தோம். சாமான் கிடைக்காததையிட்டு அவர் எம்மோடு கோபிக்கவில்லை. தாம் வராமல் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லையே என்பதுதான் அவருடைய மனவருத்தம்.

எருசலேம் சபையிலும் இதே பிரச்சினை எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தது. வாயை மூடுங்கள் என்று அப்போஸ்தலர்கள் சொல்லவில்லை. நற்பெயருள்ள ஏழு பேரைச் சபையாரே தெரிவுசெய்யச் சொல்லி, பங்கீட்டை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தாங்கள் செபத்திலும் போதனையிலும் நிலைத்திருந்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பகுதியாரிடமே பொறுப்புப் போனதாகத் தெரிகின்றது. பட்டியல் எழுதும் பேனாவை, விடுபட்டுப்போனவர்களின் கையிலே கொடுக்கும் துணிவு எமது சபைகளுக்கு வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, குழு சிறிதாகவே இருக்கட்டும். முப்பது பேர் உள்ள இடத்தில் ஒருவர் வராதது தெரியாது. பத்துப் பேருக்குள் அது உடனே தெரியும். வாழைத்தோட்டம் செய்த எமக்கு இது விளங்காத காரியமல்ல. எல்லாக் குட்டிகளையும் தாயோடு விட்டால் குலை சிறுக்கும். வேர் விட்டு நிமிர்ந்து நிற்கும் குட்டியைப் பக்குவமாகப் பிரித்து வேறிடத்தில் நடுகின்றோம். வேர் விடாததைப் பிரித்தால் அது பட்டுப்போகும். குழுவும் அப்படியே. பெருகியதும் பிரியவேண்டும், ஆனால் புதிய குழுவை நடத்தக்கூடிய இருவரையாவது பழக்கிய பின்னரே பிரியவேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு ஒருவரிடமே தேங்கக்கூடாது. பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. ஒருவரே எல்லா முறையையும் எடுத்தால் மற்றவர் பயிர் வாடும். வேதபாகம் வாசிப்பது, செபிப்பது, கூட்டத்துக்கு வீட்டைத் திறப்பது, வராதவரைச் சந்திப்பது எல்லாம் முறை மாறி வரட்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் செபிக்கத் தெரியும். அவருக்கும் முறை உண்டு.

மூன்றாவது, நிவாரணம், கடன், விதை வெங்காயம் போன்ற காரியங்களுக்கு வேறு நாள், வேறு பொறுப்பாளர், எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கு இருக்கட்டும். செபத்துக்கு வருவது உதவி பெறுவதற்கு நிபந்தனை ஆகக்கூடாது. நடுகைக் காலத்தில் குழுவார் ஒருவர் தோட்டத்தில் ஒருவர் கைமாற்றாக உழைப்பது நல்லது. அந்த உழைப்பில் சபைக்கு வராத அயலவரையும் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

நாலாவது, “எங்கள் ஊரார் மட்டும்” என்ற வேலியை அகற்றவேண்டும். இடம்பெயர்ந்தபோது சொந்த ஊராரைத் தேடிச் சேர்ந்தது இயல்பு. ஆனால் அதே வேலிக்குள்ளே சாதியும் பழைய பகையும் கூடவே வந்து குந்திக்கொண்டதை நாம் அறிவோம். ஒருவர் வீட்டில் தேநீர் குடிக்க மனமில்லாத குழு, அவரோடு சேர்ந்து செபிப்பதாகச் சொல்வது வீண்.

எம்மவர் பலர் இன்று தங்கள் காணிகளுக்குத் திரும்பிவிட்டனர். சிலர் இன்னும் உறவினர் வளவுகளிலே இருக்கின்றனர். முகாமில் அடுத்தடுத்த கொட்டிலில் இருந்தவர்கள் இன்று மைல் கணக்காகப் பிரிந்திருக்கின்றனர். அன்று ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்டது. இன்று ஒருவர் மனமுடைந்து போனாலும் தெரிவதில்லை. ஆகவே இன்றுதான் சிறு குழுக்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

உங்கள் குழு அடுத்த முறை கூடும்போது, முடிவுச் செபத்துக்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இன்று வராத குடும்பம் எது என்று கேளுங்கள். இரண்டு பேர் அங்கே போக ஒப்புக்கொள்ளட்டும். போகும்போது குற்றம் சொல்லவோ புத்தி சொல்லவோ வேண்டாம். திண்ணையில் சிறிது நேரம் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.