மீனும் சோறும் சேரக்கூடாதாம்!

மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் சாப்பிடக்கூடாது என்றார் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹே. அப்படியென்றால் ராயபுரத்து வீடுகளில் காசிமேட்டு மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவதே தப்பு! ஆனால் நம் கணையம் இரண்டுக்குமான நொதிகளையும் சேர்த்தேதான் சுரக்கிறது. 2000-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், ஒரே அளவு கலோரியைப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் எடை குறைந்ததில் பெரிய வித்தியாசமில்லை. எதோடு எது என்பதைவிட எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய்க் கழிவு கலந்தது. மீனவர்கள் பல நாள் தொழிலுக்குப் போக முடியவில்லை. மீனோடு எது சேரக்கூடாது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சோற்றையா சொல்வார்கள்?