ஊசியால் தைக்க முடியாத ஓட்டை

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். நூடில்ஸ் உறைகளில் தைத்த பென்சில் பைகள், பால்மா உறைகளில் தைத்த கைப்பைகள், பிஸ்கற் உறைகளில் தைத்த பணப்பைகள். தைத்தவர்கள் களனி கங்கைக் கரையோரத்துப் பெண்கள். வேலைப்பாடு நேர்த்தியாக இருந்தது. கைப்பை ஒன்றை வாங்கினேன்.

நெஞ்சில் முள்ளாகத் தைத்தது, அங்கே நிகழ்ந்த உரை. உணவுப்பொருள் நிறுவனமொன்றின் அதிகாரி சொன்னார்: "குப்பை என்று ஒன்றில்லை, தைக்கத் தெரியாத கைகளே உண்டு." மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

உறையைச் செய்தவரும் விற்று இலாபம் கண்டவரும் நிறுவனத்தார். அது குப்பையானதும் பொறுப்பு மட்டும் தையற்காரியின் மடியில் விழுகிறது. இது என்ன நியாயம்?

என் தாயாரும் உணவுப் பொதியில் தைத்தவர்தாம். அந்நாளில் கோதுமை மா துணிப்பையில் வந்தது. வெறும் பையைச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, எழுத்துகளைப் போக்கி, தலையணை உறையும் உள்பாவாடையும் தைப்பார். 1930களில் அமெரிக்க மா ஆலைகள், பெண்கள் அவ்வாறு உடுப்புத் தைப்பதை அறிந்து, பூப்போட்ட துணியிலேயே பைகளைச் செய்தன. கழுவினால் போகும் மையில் பெயரைப் பொறித்தன. அதுவும் வியாபாரமே. ஆயினும் அந்தப் பை, மறுபடி துணியாகும் தகுதியோடு வீட்டுக்குள் வந்தது.

இன்றைய உறை அப்படியல்ல. காற்றும் ஈரமும் புகாதிருக்க, பிளாஸ்டிக் படலங்களையும் அலுமினியப் பூச்சையும் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்கிறார்கள். அவற்றைப் பிரிப்பதற்குச் செலவு அதிகம். ஆகவே பழைய பொருள் வாங்குவோர் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. தைப்பதற்கும் அது இணங்காது. துணியில் ஊசித்துளை மூடிக்கொள்ளும்; இதில் மூடாது. தையல் நெருக்கமானால் தபால் முத்திரைத் தாள்போல் துளை வரிசையிலேயே கிழியும். எத்தனை கவனமாகத் தைத்தாலும், சில காலத்தில் அந்தக் கைப்பையும் குப்பைதான்.

நான் வாங்கிய பையில் உறைகளை எண்ணினேன்: 42. அதைத் தைக்க ஒரு பெண்ணுக்கு அரை நாள் வேண்டும். ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, இடைவேளையொன்றில் அதைவிட அதிகமான உறைகளை வெளியே தள்ளிவிடும்.

அப்பெண்களின் உழைப்பை நான் பழிக்கவில்லை. அறுகம்பேயில் 'ரைஸ் அண்ட் கெரி' என்ற சமூக நிறுவனம், பாவித்த அரிசிச் சாக்குகளில் பைகள் தைத்து, உள்ளூர்ப் பெண்களுக்கு வருமானம் தேடிக் கொடுத்தது. போற்றத்தக்க பணி. பிழைப்புக்காகத் தைப்பது வேறு. பிறர் பழியை மறைக்கத் தைக்கவைப்பது வேறு.

சட்டமும் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொண்டது. 2017 செப்டெம்பரில் லன்ச் சீற்றுக்குத் தடை வந்தது. 2021 மார்ச் 31 முதல் 20 கிராமுக்கு மேற்படாத சஷே பக்கற்றுகளுக்குத் தடை வந்தது; ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு. மருந்துக்கு விலக்கு விளங்குகிறது. உணவுக்கு ஏன்?

விலை கொடுத்தவர்கள் நாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்றும் மழைக்குப் பின் மட்டக்குளி காக்கைத்தீவுக் கடற்கரைக்குச் சென்று பாருங்கள். களனி கொண்டுவந்து சேர்க்கும் பிளாஸ்டிக் கழிவை எந்தத் தையல் இயந்திரம் தைத்து முடிக்கும்?

நான் கேட்பது இரண்டே. ஒன்று, மீள்சுழற்சிக்கு உகந்த, ஒரே வகைப் பொருளாலான உறையைச் செய்யுங்கள். மற்றது, விற்ற உறையைத் திரும்பப் பெற்று அகற்றும் செலவை உற்பத்தியாளரே ஏற்கச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். அதைச் செய்துவிட்டு மேடையேறுங்கள் ஐயா, நானும் கைதட்டுகிறேன்.

அந்தக் கைப்பை என் மேசைமீது இருக்கிறது. ஒரு மூலையில் தையல் விடத் தொடங்கிவிட்டது. தைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.