கேட்டறிதலுக்கு ஏது கூலி?

பொறிகளைப் பற்றிய பேச்சுக்கு இலக்கிய ஏடுகளில் இடமில்லை என்று எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஓசையைக் கொண்டு நோயை அறியும் ஒரு புலமை நம் ஊர்ப் பட்டறைகளில் தேய்ந்துகொண்டிருக்கிறது. கணினி வந்ததால் அது தேய்கிறது என்பார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. அப்புலமைக்குக் கூலி தரும் வழக்கம் நம்மிடையே இல்லை, அதுவே காரணம்.

டைமிங் செயின் டென்ஷனரை எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா முதலிய கார்களில் இடம்பெற்ற 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சினைப் பலரும் அறிவர். 2020இல் பி.எஸ். 6 நெறிகள் வந்தபோது அது விடைபெற்றது. ஆயினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழல வேண்டும். அவ்வொழுங்கைக் காப்பது இதில் ஒரு சங்கிலி. அது தளராதபடி அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். அதற்கு வலுவூட்டுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம்.

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடி ஒரு கடகடப்பு எழும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கிவிடுவதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. மாலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் சூடான எஞ்சின் வாய்திறக்காது. நல்ல மெக்கானிக் அதனால்தான் 'வண்டியை இரவு விட்டுச் செல்லுங்கள்' என்கிறார். இடத்தை அடைக்கிறாரே என்று ஐயுறுவது நம் இயல்பு!

காலையில் அவர் செய்வதைக் கவனியுங்கள். முதலில் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பார்க்கிறார். ஆயில் குறைந்தால் நல்ல டென்ஷனரும் தளரும். பிறகு ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி ஓட்டுகிறார். ஓசை மறைந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான். மறையாவிடில் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் செயின் மூடியில் வைத்து, பிடியைக் காதோடு சேர்க்கிறார். வால்வுப் பக்கத்து 'டிக் டிக்' வேறு, சங்கிலி மூடியில் உரசும் கரகரப்பு வேறு. ஸ்கேனர் வேண்டாம் என்பதன்று எம் வாதம். கிராங்கும் கேமும் ஒத்திசையவில்லை என்று பி0016 என்ற குறியீடு சொல்லும். காரணம் நீண்ட சங்கிலியா, தேய்ந்த டென்ஷனரா, பழுதுபட்ட சென்சாரா என்பதைச் சொல்லாது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தும்போது இம்மனிதரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இவ்வளவும் முடிந்தபின், 'டென்ஷனர் நன்றாக இருக்கிறது, ஆயில்தான் குறைவு' என்று அவர் சொன்னால் நாம் என்ன தருகிறோம்? தேநீருக்குச் சில்லறை. ஆராயாமல் உறுப்பை மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் தந்திருப்போம். இந்நிலையில் காதைத் தீட்டுவதற்கு இளைஞர் எவர் முன்வருவார்?

டென்ஷனர் தேய்ந்தது உறுதியானால் அதை மட்டும் மாற்றிச் சிக்கனம் காட்டுவதையும் நாம் ஏற்கவில்லை. நீண்டுவிட்ட சங்கிலி புதிய டென்ஷனரையும் எல்லைவரை இழுத்துவிடும். சங்கிலி, பற்சக்கரங்கள், வழிகாட்டிகள், டென்ஷனர் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டுகளை உரிய பின்களால் பூட்டி, எல்லாம் பொருத்தியபின் டென்ஷனரின் தடைப்பின்னை நீக்கி, கிளப்புமுன் எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பல் பிசகினாலும் ஒழுங்கு கெடும்; மேலும் பிசகினால் பிஸ்டன் வால்வை மோதும். அதன்பின் செலவு பலமடங்கு.

பழுதனைத்தும் பராமரிப்புக் குறையால் வருவதுமன்று. ஃபோக்ஸ்வாகனின் ஈஏ888 எஞ்சினில் டென்ஷனரின் அமைப்பே பலவீனமாக இருந்ததாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் 2018இல் அது உடன்பாட்டில் முடிந்தது. நம்மூர் உரிமையாளருக்குத் துணை அந்த மெக்கானிக்கின் செவிதான்.

ஆகவே எம் கோரிக்கை எளியது. பட்டறை ரசீதில் 'உறுப்பு', 'வேலை' என்னும் இரண்டு பத்திகளோடு 'ஆய்வு' என மூன்றாவது பத்தியும் வேண்டும். பழுது இல்லை என்று தெரிந்த நாளிலும் அதில் ஒரு தொகை எழுதப்பட வேண்டும்.