ஆடவர் எலும்பும் மெலியும்

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்டிரின் எலும்பு விரைந்து மெலிகிறது என்பது பலரும் அறிந்ததே. ஆடவரின் எலும்பைக் காப்பதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரும் பங்குண்டு என்பதைச் சிலரே அறிவர். அவர்தம் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியே அவ்வாறு மாறுகிறது. முதுமையில் அதுவும் மெல்லக் குறையும். மனைவிக்கு மட்டும் கால்சியம் மாத்திரை வாங்கித் தருவோர் தம்மையும் எண்ணிப் பார்த்தல் நலம். இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் உயிரிழப்போரின் விகிதம் ஆடவரிடமே மிகுதி.

முதுகெலும்பு வலியின்றியே நொறுங்குவதுண்டு. தோளில் நோவில்லாதபோதும், முன்பு கைக்கு எட்டிய கோயில் மணி எட்டாமற்போனால், உயரம் குறைந்ததோ என ஐயுற்று எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கேழ்வரகும் எள்ளும் துணைசெய்யும். வெயில் படும் வெளிப்பிராகாரத்தை வலம்வருதல் எலும்புக்கு உரமூட்டும். அபிஷேக நீரும் விளக்கெண்ணெயும் சிந்திய கல்தளத்தில் மட்டும் ஒருவர் கைபற்றியே நடக்க வேண்டும்.