இல்லம் இனிக்க: இடிக்கும் முன்னே எண்ணுக!



திருமணம் நெருங்கும் இல்லத்தில் முதலில் கைவைக்கப்படுவது முன்னறைதான். அண்மையில் செஞ்சிப் பக்கத்து உறவினர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தேன். மருமகள் வருமுன் முன்னறையைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். நடுச்சுவரை எடுத்துவிடுவது, பளபளக்கும் டைல்ஸ், மேலே அலங்காரக் கூரை, புதிய சோபா எனப் பட்டியல் நீண்டது. கொத்தனாருக்கு முன்பணமும் தந்தாகிவிட்டது.

"அம்மாவின் கட்டில்?" என்று கேட்டேன்.

"பின்கட்டுக்கு மாற்றிவிடலாம் என்றிருக்கிறோம்" என்றார், குரலைத் தாழ்த்தி. சன்னலோரம் அமர்ந்திருந்த அந்த மூதாட்டி ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை அவரை மண்டகப்பட்டுக்கு அழைத்துச் சென்றேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் அது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். முன்னே தூண்கள், இரு புறமும் வாயிற்காவலர் சிற்பங்கள், உள்ளே பின்சுவரில் மூன்று சிற்றறைகள், இவ்வளவே. நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்காக அமைந்த அவ்வறைகள் இன்று வெறுமையாக உள்ளன.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு வியப்பானது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி இதனை அமைத்ததாக மன்னன் அதில் பெருமை கொள்கிறான். தான் சேர்த்தவற்றை அன்று, வேண்டாமென விட்டவற்றையே எண்ணிச் சொல்கிறான்!

இன்னொன்றும் காண்க. பாறையைக் குடைபவன் தூண் நிற்க வேண்டிய இடத்தைத் தவறி வெட்டிவிட்டால், அதை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்பதை முதல் உளி விழுமுன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

நம் வீட்டுச் சுவருக்கும் இது பொருந்தும். கம்பி கட்டிய கான்கிரீட் தூண்கள் இல்லாத பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் கூரையைத் தாங்கி நிற்பது. மெல்லிய சுவராயினும், பொறியாளரிடம் காட்டாமல் தொடலாகாது. எங்கள் வீட்டில் ஒருமுறை அவசரத்தில் ஒரு சுவரை இடித்து, தளத்தில் விரிசல் கண்டு, இரவெல்லாம் கண் விழித்த அனுபவம் எனக்குண்டு. மிச்சப்படுத்த எண்ணியதைப் போல் பன்மடங்கு செலவாயிற்று.

எனவே, இல்லத்தரசிகளே, முதலில் ஒரு தாளை எடுங்கள். அவ்வறையில் யார் யார், எந்த நேரத்தில், என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பிறகு அறையை அளந்து, கட்டில், மேசை, அலமாரி ஆகியவற்றின் அளவைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து, இரண்டு நாள் அக்கோடுகளுக்கிடையே நடந்து பாருங்கள். கதவு திறக்க இடமுண்டா, மின் பொத்தான் படுக்கையிலிருந்து எட்டுமா என்பதெல்லாம் காசின்றி விளங்கிவிடும்.

முதியோர் இருப்பின், கட்டிலின் பக்கத்தில் 3 அடி இடம் விடுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரமே கட்டிலுக்குப் போதும். குளியலறை செல்லும் வழியில் படியும் வழுக்கும் தரையும் வேண்டாம்; பிடித்து நடக்கச் சுவரில் ஒரு கைப்பிடி இருக்கட்டும். இறுதியாக, வேண்டாதவற்றின் பட்டியலையும் எழுதுங்கள். கடன் வாங்கிச் செய்ய வேண்டியவை அதில் முதலில் வரட்டும்.

வீடு திரும்பியதும் உறவினர் நேரே தாயாரிடம் சென்றார். "அம்மா, இந்த அறையில உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்கென்னப்பா வேணும்! இந்தச் சன்னல் இருந்தாப் போதும். தெருவுல போறவங்க நாலு வார்த்தை பேசிட்டுப் போவாங்க" என்றார் அம்மூதாட்டி.

அலங்காரக் கூரையும் சோபாவும் பட்டியலிலிருந்து நீங்கின. நடுச்சுவர் நிற்கிறது. வெள்ளையடித்த அறையில் சன்னலோரம் அதே கட்டில். புதிய மருமகள் மாலையில் அமர்ந்து பூத்தொடுக்கும் இடமும் இப்போது அதுவே.