கடித்ததை மறைக்கிற பிள்ளை

விளாத்திகுளத்துத் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களைக் கண்டிக்கத்தான் எழுதுகிறேன். அந்தக் கண்டிப்பில் முதல் பங்கு எனக்கு.

போன மாசியில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தால், எங்கள் இளையவன் முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் டவுசரைத் தவிர எதுவும் போடாத பிள்ளை. மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றும்போதுதான் கெண்டைக்காலில் பல் தடம் கண்ணில் பட்டது. "ஏம்லே சொல்லலை?" என்றேன். "நாய்கிட்ட ஏன் போனேன்னு அடிப்பீங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அடித்திருப்பேன்.

2023 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்துக் காசியாபாத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் வெறிநோயால் இறந்தான். எட்டாம் வகுப்பு. பக்கத்து வீட்டு நாய் கடித்ததை வீட்டுக்குப் பயந்து ஒன்றரை மாதம் போல மறைத்திருக்கிறான். தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்த பிறகுதான் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது. ஆம்புலன்ஸில் தகப்பன் மடியிலேயே உயிர் போனது. அந்த ஒன்றரை மாதத்தில் எந்த நாளில் வாய் திறந்திருந்தாலும் அவனைக் காப்பாற்ற வழி தேடியிருக்கலாம்.

வெறிநோய்க் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு மெல்லத்தான் ஏறும். பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். சில சமயம் ஒரே வாரம், சில சமயம் ஒரு வருஷம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. முகத்திலோ கழுத்திலோ கடி பட்டால் மூளை பக்கம், அவகாசம் இன்னும் குறைவு. நம் பிள்ளைகளின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுகிற இடமும் அதுதான்.

அந்த நேரத்தில் நாம் செய்கிற காரியம் என்ன? மிளகாய்ப்பொடியை அப்புகிறோம். காட்டில் நாள் முழுக்க மிளகாய் பறித்துவிட்டுக் கை எரிச்சல் தாங்காமல் எண்ணெய் தடவுகிற நாமே, பிள்ளையின் பச்சைப் புண்ணில் அதைத் தேய்க்கிறோம். சுண்ணாம்பு, காப்பிப்பொடி, மந்திரித்த கயிறு வேறு. புண் கூடுமே தவிரக் கிருமி சாகாது. அதைக் கொல்வது குளியல் சோப்பு. அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு பட்டால் உடைந்துபோகும். குழாயைத் திறந்துவிட்டு, குழாய் வராத நாளில் குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள். பிள்ளை கத்தும், கத்தட்டும். கட்டுப் போடாமல் அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ரத்தம் வராத கீறல்தானே என்று விடாதீர்கள், கீறலுக்கும் ஊசி உண்டு. நாட்கள் போய்விட்டாலும் போகவேண்டும். நாங்கள் மூன்றாம் நாள்தான் போனோம்.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று இன்னமும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து ஒழிந்து 20 வருஷமாகிறது. இப்போது கையில், தோலுக்குள் போடுகிற சின்ன ஊசிதான். போட்ட அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்றால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் ஏற்ற வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் இந்த மருந்துதான். "அது வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். "களத்தில் வத்தல் காயுது, அடுத்த ஊசி பார்த்துக்கிடலாம்" என்று சொல்லாதீர்கள். காயம் ஆறியதும் 28-ஆம் நாளை மறப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

அடுத்து, ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வது. "மதினி வீட்டு நாய், மனஸ்தாபம் எதுக்கு?" மதினியோடு சண்டை போடச் சொல்லவில்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். கேட்டும் அலட்சியம் செய்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியபோது நாய்க்காரர் கைதானார். சிகிச்சைச் செலவுக்கு நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், வக்கீல் உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்தால் போதும்.

தெருநாய் என்றால் பேரூராட்சியிடமோ ஊராட்சியிடமோ போகவேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் மத்திய அரசின் 2023 விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி 2025 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று நஷ்ட ஈட்டுக்குக் கணக்குச் சொன்னது. அது வேறு மாநிலத்துத் தீர்ப்பு. ஆனாலும் நம் வக்கீல் எடுத்துக்காட்டலாம். எதற்கும் ஆதாரம் வேண்டும். ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, காயத்தின் போட்டோ, மனு கொடுத்ததற்கு ரசீது, இவற்றை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

இத்தனையும் பிள்ளை வாய் திறந்தால்தான் நடக்கும். இன்றைக்குக் காட்டிலிருந்து வந்து குளிப்பாட்டும்போது கை, கால், முதுகைத் தடவிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "நாய், பூனை எதும் பிறாண்டுச்சாய்யா? அடிக்க மாட்டேன், சொல்லு."